கடலுக்குப் போய் வந்தவரின் உறக்கம்

இரவு 11.40

வேம்பார், அக்காள் வீடு. மார்ச் மாதம். பிளஸ் டூ படிக்கும் மருமகன் அறையில் விளக்கு எரிகிறது. அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

“என்னலே மக்கா, இன்னும் உறங்கலையா?”

“உறக்கம் வரல ஆச்சி.”

அவன் சொல்வது பொய்யில்லை. பதின்பருவத்தில் உறக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் கண் அசராது. ஆனால் விடிந்ததும் டியூஷன் இருக்கிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். இவனுக்கு ஐந்தரைதான் கிடைக்கிறது. “படிச்சது ஒண்ணும் நிக்கல மாமா” என்றான் நேற்று. படித்ததை மனம் பதித்து வைப்பது உறக்கத்தில் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதிகாலை 3 மணி

கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சின் சத்தம். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கையில் ஜெபமாலை. அப்பா கடலுக்குக் கிளம்பும் நேரம் இது. நாற்பது வருடம் இந்த நேரத்துக்கு எழுந்து அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டவள். அப்பா போய் நான்கு வருடமாகிறது. அவள் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறாள்.

முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறையும், விழிப்பு முன்னால் வரும். அது இயல்பு. ஆனால் 65 வயதைக் கடந்தவருக்கும் 7, 8 மணி நேரம் வேண்டும். “வயசானா அப்படித்தான்” என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவள் பேச்சுக் குறைந்ததையும், திருப்பலி முடிந்து யாரோடும் நில்லாமல் வந்துவிடுவதையும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

காலை 8 மணி

கவலையால் உறக்கம் கெடும், இது எல்லோருக்கும் தெரியும். கெட்ட உறக்கமே மனதைச் சாய்க்கும் என்பதை இரண்டு ஆய்வுகள் எனக்கு உணர்த்தின. 2017-இல் வெளியான ஆய்வில், பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் உறக்கமில்லாமல் தவித்த 3,755 மாணவர்களில் பாதிப் பேருக்கு உறக்கத்தைச் சீராக்கும் பயிற்சி தந்தார்கள். உறக்கம் தேறியது, கூடவே பிறர்மீதான வீண் சந்தேகமும், மனச்சோர்வும், பதற்றமும் தணிந்தன. அமெரிக்காவில் 60 வயது கடந்த 291 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. உறக்கத்தைப் பற்றிய பொதுவான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் வந்தது. உறக்கத்தைச் சீராக்கும் பயிற்சி பெற்றவர்களில் 12.2 சதவீதம் பேருக்குத்தான்.

பயிற்சியில் மாத்திரை இல்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது. உறக்கம் வந்தால் மட்டும் படுப்பது. வராவிட்டால் புரளாமல் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கியபின் திரும்புவது. ‘உறங்கியாக வேண்டுமே’ என்ற பயத்தை மெல்லக் கழற்றுவது. பயிற்சி அறிந்தவரின் துணையோடு செய்ய வேண்டியது இது.

மதியம் 12 மணி

பக்கத்து வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது. கடலுக்குப் போனவர் கரையேறி, மீனை ஏலத்தில் விட்டு வந்து படுத்திருக்கிறார். தெருவில் கத்தி விளையாடிய பிள்ளைகளை அவர் மனைவி விரட்டுகிறாள்: “ஆளு உறங்குது, அங்கிட்டுப் போங்கல.” பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் நகர்கிறார்கள்.

இந்தக் கரைக்கு உறக்கத்தின் மதிப்பு தெரியும். கண் அயர்ந்தவன் கையில் சுக்கானைக் கொடுக்க மாட்டார்கள். கடலுக்குப் போய் வந்தவரின் உறக்கத்துக்கு வைத்திருக்கும் அந்தக் காவலை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், துணையை இழந்த தாய்க்கும் நாம் வைக்கவில்லை.

இரவு 10 மணி

மருமகனின் போன் இன்று என் பையில். காலை டியூஷனை மாலைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கும்போதே “உறங்குனியா?” என்றும் கேளுங்கள். வாரக்கணக்கில் ‘இல்லை’ என்றே பதில் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனம் கனத்துக் கிடந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இருக்கிறது. கட்டணம் இல்லை.