கொம்பனின் விலை

1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ், பதுளையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்தவர். அவர் சுட்ட யானைகள் ஆயிரத்து நானூறு இருக்கும் என்பார்கள். இலங்கை யானைகளில் ஆணுக்கும் தந்தம் இருப்பது அபூர்வம். அத்தனை உயிரில் கொம்பன்கள் அறுபது சொச்சம்தான். அவற்றின் தந்தங்கள் அவர் வீட்டு வராந்தாவில் வாசலுக்கு வாசல் நின்றதாக, நேரில் கண்ட ஜெர்மானிய மருத்துவர் ஹோஃப்மைஸ்டர் எழுதிவைத்தார். பசறை, பதுளைப் பக்கத்துக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் காலத்துத் தந்தத்தில் செதுக்கிய ஒரு சிலை இன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா?

“யானை செத்து நூற்றெண்பது வருஷமாச்சு, நான் வாங்காவிட்டால் பிழைத்து வருமா?” என்பார் சேகரிப்பவர். இலேசில் தள்ளிவிட முடியாத வாதம். இலங்கையின் கோட்டை இராச்சியத்து அரசன் 1540களில் லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தப் பேழை இன்று மியூனிக்கில் இருக்கிறது; அதை உடைக்கச் சொல்வது மடமை.

சிக்கல் சிலையில் இல்லை, விலையில் இருக்கிறது. புதுத் தந்தத்தைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் பழுப்பேறிவிடும். நம் தோட்டத்துத் தேயிலையே பொய்ச்சாட்சி சொல்லும். ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் வயதைக் கண்டுபிடிப்பது பாடு. பழையதற்குச் சந்தை இருக்கும்வரை புதியதும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பின்னிய தந்தங்களோடு கல்கமுவப் பக்கம் திரிந்த ‘தள பூட்டுவா’ என்ற யானை 2017-இல் கொல்லப்பட்டது எந்த மேஜரின் காலத்தில்?

பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வியாபாரத்தைப் பெரும்பாலும் தடுத்தாலும், 1918-க்கு முந்திய உயர்ந்த கலைப்பொருள்களுக்கு விலக்கு தருகிறது. ஆண்டைக் கோடாகப் போட்டால், ஆண்டைத் திருத்தச் சிலர் முளைப்பார்கள்.

கொழும்புத் துறைமுகத்தில் 2012-இல் பிடிபட்ட 359 ஆபிரிக்கத் தந்தங்களைத் கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குக் கொடுக்கும் யோசனை ஒன்று எழுந்தது. எதிர்ப்பும் வந்தது, வந்ததே சரி. களவுப் பொருளைக் கோயிலில் வைத்தால் களவுக்கும் மரியாதை வந்துவிடும். 2016 ஜனவரியில் அவை காலிமுகத்திடலில் பிரார்த்தனையோடு நொறுக்கப்பட்டன.

பாட்டன் விட்டுப்போன தந்தச் சிலையை வீட்டில் வைத்திருப்பதில் குற்றம் காண்பதற்கில்லை. வாங்குவதும் விற்பதும் வேறு. விலை கேட்டு யாரும் வந்தால் தொகையைச் சொல்லாதீர்கள். வைத்திருக்க மனமில்லை என்றால் அருங்காட்சியகத்துக்குக் காசில்லாமல் கொடுத்துவிடுங்கள்.