விலைப்பலகையும் ஒரு தர்மம்தான்

வடபழனி ஆண்டவர் கோயிலில் மதிய அன்னதானத்துக்கு டோக்கன் வாங்க ஒரு வரிசை. ஆற்காடு சாலைப் பக்கத்து மெஸ் வாசலில், ‘அளவு சாப்பாடு’ என்று விலையோடு எழுதிய பலகைக்கு முன்னால் இன்னொரு கூட்டம். இரண்டிலும் வெளியூர்க்காரர்களுக்குக் குறைவில்லை. 1948ல் ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியை விட்டு இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து, பிழைக்க வந்தவன் எங்கே சாப்பிடுவது என்பது இந்த ஊரின் நிரந்தரக் கேள்வி. அன்று சினிமா வாய்ப்புக்கு அலைந்தவர்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். கோயில் போடும் சோற்றைத் தர்மம் என்கிறோம், மெஸ்காரர் விற்கும் சோற்றைப் பிழைப்பு என்கிறோம். முன்னது மேல், பின்னது கீழ் என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. சாப்பிடுகிறவன் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தரவரிசை தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சோற்றை விற்பது பாவம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமானது, அதற்குப் பின்னால் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி 1801ல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் மன்னர் சரபோஜி ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்: நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூவி அழைப்பார்களாம். வள்ளலார் 1867ல் வடலூர் தர்மசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இவற்றைக் குறைத்துப் பேச யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் இவையெல்லாம் கொடுப்பவரின் பெருமையைச் சொல்பவை. வாங்குகிறவரின் மனசைப் பற்றி யோசித்தவர் வள்ளுவர். ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். பசுவுக்குத் தண்ணீர் என்று கேட்டாலும் கேட்கிற நாக்குக்கு அது இழிவுதான் என்கிறார். உழைத்து வந்தது வெறும் கஞ்சியானாலும் அதைவிட இனியது இல்லை என்கிறார். கொடுப்பது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கேட்பதன் கூச்சம் அதனால் கரைந்துவிடாது என்று அவர் அறிந்திருந்தார். ஊர் பேர் தெரியாத இடத்தில், மொழியும் தெரியாதவனுக்கு அந்தக் கூச்சம் இரட்டிப்பு. காசை நீட்டித் தட்டை வாங்கும்போது அவன் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் விற்பவனின் அறம் எது? வணிகரைப் பற்றிய குறளை வள்ளுவர் ஈகையில் வைக்கவில்லை, நடுவுநிலைமையில் வைத்தார். அடுத்தவர் பொருளையும் தன்னுடையதுபோல் பேணுவதே வணிகம் என்கிறார். மலிவான சாப்பாட்டுக் கடைக்கும் இதுதான் அளவுகோல்: எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே பந்தி. விலை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு நம் வரலாறே சாட்சி. திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்ற 1957ல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நன்கொடையும் இதில் சுத்தமில்லை. ஊர்ப்பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலேயே சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டார்கள். ஆகவே தானமா விற்பனையா என்பதல்ல, சாப்பிட வந்தவனை நீ யார் என்று கேட்கிறோமா என்பதுதான் விஷயம். சிங்கப்பூரில் தேக்கா சென்டர் உணவங்காடிக்குப் போகும் தமிழ்த் தொழிலாளி பக்கத்து மேஜைச் சீனரோடு சமமாக உட்கார முடிகிறதென்றால், அவனை யார் என்று அங்கே எவரும் கேட்காததுதான் காரணம்.

கையில் காசே இல்லாதவனுக்கு உன் விலைப்பலகை என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒன்றும் செய்யாது. அவனுக்குக் கோயில்தான், தர்மசாலைதான். அன்னதானத்தை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்னதானத்துக்கும் மெஸ் விலைக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. 2013ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் இட்லியை ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதத்தை ஐந்து ரூபாய்க்கும் கொடுத்தது. இலவசமாகவே கொடுத்திருக்கலாம், அந்த ஒரு ரூபாயால் மாநகராட்சிக்கு என்ன லாபம் என்று அப்போதே கேலி பேசியவர்கள் உண்டு. லாபம் சாப்பிட்டவனுக்கு. அந்த ஒரு ரூபாயால் அவன் அங்கே வாடிக்கையாளன் ஆனான், சாம்பார் நீர்த்திருக்கிறது என்று குறை சொல்லும் உரிமையும் அவனுக்கு வந்தது. அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து உப்பு குறைவு என்று யார் சொல்வார்கள்? மனம்போல் கொடுங்கள் என்னும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து அன்னலட்சுமி உணவகத்தின் முறை இன்னொரு வழி. நல்ல எண்ணம்தான். ஆனால் எவ்வளவு வைத்தால் மரியாதை என்ற கணக்கை அது சாப்பிடுகிறவன் தலையில் கட்டிவிடுகிறது. அதிகப் பணமில்லாதவனுக்கு, எழுதிப்போட்ட விலை அதைவிட ஆறுதல்.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. மலிவு வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ ஒருவர் வயிற்றிலிருந்து எடுத்ததுதான் என்பது அது. அம்மா உணவகத்தின் நஷ்டத்தை மாநகராட்சி ஏற்றது. மெஸ்ஸின் நஷ்டத்தை ஏற்க யாரும் இல்லை. பல இடங்களில் அதை ஏற்பவன் மேஜை துடைக்கிற, வடகிழக்கிலிருந்து வந்த பையன். இதற்கு மழுப்பலான பதில் எதுவும் உதவாது. சாப்பிட வருகிற வெளியூர்க்காரனிடம் காட்டும் நடுவுநிலைமையைப் பரிமாறுகிற வெளியூர்க்காரனிடம் காட்டாத கடை, நான் சொன்ன அறத்தில் பாதியைத்தான் செய்கிறது. அவனுக்கு முறையான கூலி கொடுப்பதால் சாப்பாட்டு விலை பத்து ரூபாய் ஏறினால், பலகையை அழித்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். வாசலில் நிற்பவர்களில் பலரும் கூலிக்காரர்கள்தான், அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியாததல்ல.