வரத்துக்கு யார் சாட்சி?

சபையில் சேர்ந்து சில மாதங்கள் ஆனவரிடம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்திருக்கிற வரம் என்ன?" நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். பதில் தெரியாதவர் கூசிப்போகிறார். தெரிந்தவர் சற்று நிமிர்ந்து உட்காருகிறார். இந்தக் கூச்சமும் நிமிர்வும் கவனிக்கத்தக்கவை. தனக்கு இன்ன வரம் உண்டு என்று சொல்பவர் தன்னைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் சொல்வதில்லை. பிறர்மேல் ஓர் உரிமையையும் கோருகிறார். நான் பேசுகிறேன், கேள். கை வைக்கிறேன், தலையைக் குனி. சில வேளைகளில், உன் மாத்திரையை நிறுத்திவிடு. அந்த உரிமையை அவருக்குத் தருவது யார்?

ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசும் பகுதி, பவுல் கொரிந்துக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12 முதல் 14 வரையிலான அதிகாரங்கள். அந்த ஊரைத் தெரிந்துகொண்டால் கடிதத்தின் சூடு புரியும். ரோமப் படை கி.மு. 146இல் தரைமட்டமாக்கிய நகரம் அது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை மீண்டும் குடியேற்றினார்; வந்து குடியேறியவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் ஏராளம். இருபுறமும் துறைமுகம், கையில் புதுப்பணம், பரம்பரைப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே அவரவர் பெருமையை அவரவரே கல்லில் வெட்டிக்கொண்டார்கள். பாபியஸ் ஃபிலினஸ் என்ற செல்வர் நகரின் மையத்தில் எழுப்பிய நினைவுக் கட்டடத்தின் கல்வெட்டு இன்றும் கிடைக்கிறது. தன் செலவில் இதைக் கட்டியதாகவும், நகர ஆட்சியாளர் என்ற முறையில் தானே இதற்கு ஒப்புதல் அளித்ததாகவும் அதில் பொறித்திருக்கிறார். கொடுத்தவரும் அவரே, கொடை சரியென்று சான்று தந்தவரும் அவரே.

கொரிந்து சபையும் அந்த ஊர்க்காற்றைத்தான் சுவாசித்தது. அந்நியபாஷை பேசுகிறவர்கள் தங்களை ஒரு படி மேலே வைத்துக்கொண்டார்கள். வரங்களைப் பற்றிய வேதபாடம் நடத்துவோர் பெரும்பாலும் 12ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறார்கள். 11ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அங்கே பவுல் கண்டிப்பது கர்த்தருடைய பந்தியில் நடந்த அநியாயத்தை. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அந்தக் கண்டிப்பு முடிந்த கையோடுதான் வரங்களைப் பற்றிய பேச்சு வருகிறது. பந்தியில் பிறர் பசியைக் காணாதவர்களுக்கு, ஆராதனையில் பிறருக்குப் புரியவில்லை என்பது மட்டும் எப்படிக் கண்ணில் படும்?

அந்த மூன்று அதிகாரங்களில் பவுல் வைக்கும் அளவுகோல் ஒவ்வொன்றும் எதிரே இருப்பவரைச் சார்ந்தது. புரியாத பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரியும் ஐந்து வார்த்தைகள் மேல் என்கிறார். வெளியிலிருந்து வருகிற ஒருவர் உங்களைப் பார்த்துப் பைத்தியம் என்று நினைக்கமாட்டாரா என்று கேட்கிறார். உடலில் பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே அதிகம் தேவையானவை என்கிறார். உனக்குள்ளே ஆராய்ந்து உன் வரத்தைக் கண்டுபிடி என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு அவர் தரும் முதல் பட்டியலில் 9 வரங்கள், ரோமருக்கு எழுதியதில் 7, இரண்டும் ஒத்துப்போவதில்லை. முழு அட்டவணை தயாரிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

அட்டவணை பின்னால் வந்தது, அமெரிக்காவில். 1970களில் சபை வளர்ச்சி இயக்கம் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தபோது, ரிச்சர்ட் ஹவுட்ஸ் என்பவர் வரங்களைக் கண்டறிய ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் பேராசிரியர் பீட்டர் வாக்னர் அதை விரித்தார். 1979இல் அவர் வெளியிட்ட நூல் 27 வரங்களை வரிசைப்படுத்துகிறது. விரும்பி ஏற்கும் வறுமையும் இரத்தசாட்சி மரணமும்கூட அதில் உண்டு. (கடைசியாகச் சொன்னதைப் பயிற்சி செய்து பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம்.) இப்போது அந்த வகைத் தாள்கள் பல மொழிகளில், பல வடிவங்களில் சுற்றுகின்றன.

இந்த முயற்சியால் நன்மையே இல்லை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. ஊழியம் என்றால் பாஸ்டர் செய்வது, மற்றவர்கள் காணிக்கை போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்ற ஏற்பாட்டை அது அசைத்தது. மேடை ஏறாதவருக்கும் சபையில் வேலை உண்டு என்று காட்டியது. ஆனால் அதன் அடிப்படையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. உங்களுக்கு எது பிடிக்கிறது, எதைச் செய்தால் நிறைவு கிடைக்கிறது என்று உரியவரையே கேட்டு, அவர் பதிலைக் கூட்டிப் பார்த்து, அவருக்கே திருப்பித் தருகிறது. விருப்பத்தைக் கண்டுபிடிக்க அது நல்ல வழிதான். விருப்பத்தை வரம் என்று அழைத்துவிட்டால் பாபியஸின் கல்வெட்டு வேலை மறுபடி நடக்கிறது.

இன்னொரு பக்கம் இதைவிட நுட்பமானது. மதிப்பெண் அதிகம் வந்த இடம் ஒருவருக்குப் பட்டமாகிறது. குறைவாக வந்த இடம் அவருக்கு விடுப்புச் சீட்டாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கக் கூப்பிட்டால், "எனக்கு இரக்கத்தின் வரம் இல்லை, அந்த ஊழியத்துக்கு வேறே சகோதரி இருக்கிறார்கள்." ரோமருக்கு எழுதிய பட்டியலில் ஈகையும் இரக்கமும் வரங்களாக வருகின்றன, உண்மை. அதே அதிகாரம் சில வசனங்கள் தள்ளி எல்லோரையும் பார்த்து, குறைவில் இருப்போருக்கு உதவச் சொல்கிறது, விருந்தோம்பச் சொல்கிறது. வரமும் கடமையும் வேறுவேறு என்று வாக்னரும் பிரித்தே எழுதினார். தாளை நிரப்புகிறவர்களிடம் அந்தப் பிரிவு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் இறந்துபோகிறாள். பேதுரு வந்தபோது விதவைகள் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். அவள் தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். வரம் என்ற சொல் அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. தன்னைப் பற்றி அவள் என்ன நினைத்திருந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொன்னவர்கள், குளிருக்கு அந்த உடையைப் போர்த்திக்கொண்டவர்கள். வரத்தை அறியும் வழி இதுவென்றே தோன்றுகிறது: யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் சொல்ல வேண்டும், அதிலும் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் சொல்ல வேண்டும்.

எல்லா வரத்துக்கும் ஒரே கடுமையான சோதனை தேவையில்லை. போதிக்கும் வரம் இருப்பதாக ஒருவர் தவறாக நம்பினால் சபை நாற்பது நிமிடம் கொட்டாவி விடும். குணமாக்கும் வரம் இருப்பதாக ஒருவர் தவறாக நம்பி, விசுவாசம் இருந்தால் இன்சுலின் எதற்கு என்று கேட்டால், அந்தத் தவறின் விலையைக் கொடுப்பது நோயாளி. இந்த ஆளைத்தான் கட்ட வேண்டும், இந்த நிலத்தை விற்க வேண்டும் என்று தீர்க்கதரிசனம் சொல்பவர், அது பலிக்காதபோது அடுத்த ஊர்க் கூட்டத்தில் இருப்பார். தவறினால் பிறர் இழப்பது எவ்வளவோ, அவ்வளவுக்குச் சான்றும் கேட்கப்பட வேண்டும். இப்படிக் கேட்பதை அவிசுவாசம் என்று பழிப்பவர்களுக்குப் பழைய திருச்சபையைக் காட்டலாம். தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுலே எழுதியிருக்கிறார். 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் கண்டெடுக்கப்பட்ட 'டிடாகே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் இன்னும் நேராகப் பேசுகிறது. ஊர் ஊராகச் சுற்றி வருபவர் ஓரிரு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்ததாகச் சொல்லி விருந்து வைக்கச் சொல்லி, அதில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டால் அப்போதும் அப்படியே. ஆவி வந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் போகாமல், பலன் யார் மடியில் விழுகிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். அனுபவசாலிகள்.

ஆனால் சபையே சாட்சி என்றால், சபை கண்மூடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? இந்த எதிர்க்கேள்வியை எளிதாகத் தாண்ட முடியாது. பெண்ணின் வாயில் போதகம் வந்தால் அதைக் காதில் வாங்காத சபைகள் உண்டு. சாதி பார்த்து வரத்தை அளந்த சபைகள் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1860இல் திருநெல்வேலி வட்டாரத்தில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் தமிழ் விசுவாசிகள் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பேசினார்கள். மேலைநாட்டுப் பெந்தெகொஸ்தே வரலாற்றுக்கு அது வெகுகாலம் ஓர் அடிக்குறிப்பாகவே இருந்தது. ஆகவே சபை என்பதைத் தலைவர்கள் என்று சுருக்கிக்கொள்ளக் கூடாது. தலைவரின் ஒப்புதலும் சில நேரம் பாபியஸின் ஒப்புதல்தான், வேறொரு கையெழுத்தில்.

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் சீமோரின் கதை இதற்கு நல்ல உரைகல். அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோரின் மகன் அவர். ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹம் என்ற வெள்ளைக்காரப் போதகர் நடத்திய வேதபாட வகுப்பில், இனப் பிரிவினைச் சட்டத்தைக் காரணம் காட்டி, சீமோரை வெள்ளையரோடு சேர்ந்து உட்காரவிடவில்லை. அறைக்கு வெளியே இருந்தே பாடம் கேட்டார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அவரை அழைத்த சபையே அவருடைய போதனை பிடிக்காமல் கதவைப் பூட்டியது. அவருக்கு வரம் உண்டு என்று எழுதிக் கொடுக்க அப்போது எந்த அமைப்பும் இல்லை. அசூசா தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் கூட்டம் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் அங்கே அருகருகே முழங்கால் போட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படியோர் இடம் அரிது. அதே ஆண்டு அக்டோபரில் பார்ஹம் வந்து பார்த்தார், முகம் சுளித்தார், நடப்பது கடவுளுக்கு அருவருப்பு என்று கண்டித்தார். ஆசிரியர் அவர்தான், அங்கீகரிக்கும் அதிகாரமும் தனக்கே என்று நம்பினார். அசூசா தெருவில் இருந்தவர்கள் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, சீமோரோடு கூட்டத்தைத் தொடர்ந்தார்கள்.