கட்டங்களில் அடைபட்ட பெயர்கள்

1913ஆம் ஆண்டு நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் என்பார் அமைத்த சொற்புதிர் வெளிவந்தது. அன்று தோன்றிய குறுக்கெழுத்துக் கலை அமெரிக்க ஏடுகளில் வளர்ந்தபோது, அந்நாட்டுப் பழங்குடியினரின் பெயர்கள் சில அதன் வழக்கமான விடைகளாயின. யூட், க்ரீ, ஓட்டோ, ஈரி ஆகியன அத்தகையவை. ஆங்கிலத்தில் ஈரி என்பதன் நான்கு எழுத்துகளில் மூன்று உயிரெழுத்துகள், ஓட்டோவும் அவ்வாறே. குறுக்கும் நெடுக்குமாகச் சொற்களைப் பிணைப்போர்க்கு இவை பேருதவி. "ஒரு பழங்குடி, நான்கு எழுத்து" என்ற குறிப்பே போதுமென்றாகிவிடுகிறது.

பெயர்களை எடுத்தாள்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஈரி மக்கள், 1650களில் இரோகுவாய் குடிகளோடு நிகழ்ந்த போரில் சிதறுண்டவர்கள். அவர்கள் பெயர் இன்று ஓர் ஏரிக்கு நிற்கிறது. ஓட்டோ மக்களோ நெப்ராஸ்கா நிலத்தை இழந்து 1881இல் இடம்பெயர்ந்து, மிசௌரியா மக்களுடன் ஒரே குடியாக ஓக்லஹோமாவில் இன்றும் வாழ்பவர்கள். இவ்விருவரையும் அக்குறிப்பு வேறுபடுத்துவதில்லை. ஓட்டோ வீட்டுப் பிள்ளை ஒருவன் அக்கட்டங்களை நிரப்ப நேர்ந்தால், தன் மக்களைப் பற்றி அதில் என்ன காண்பான்? எழுத்தெண்ணிக்கை ஒன்றே.

நவஹோ என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மைத் 'தினே', அதாவது 'மக்கள்' என்றே அழைத்துக்கொள்வர். ஆங்கிலத்தில் அதற்குரிய நான்கு எழுத்துகளும் புதிர்களில் அடிக்கடி வருவனவே. ஆயினும் அங்கே பெரும்பாலும் கேட்கப்படுவது 'உணவருந்து' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்! அக்குறிப்பை மாற்ற எண்ணுவோர் ஓர் எழுத்தையேனும் கலைக்க வேண்டியதில்லை.