கைப்பக்குவம் யாருக்குச் சொந்தம்?

ஹவாய்த் தீவுகளில் சாலையோரங்களில் சுட்டு விற்கும் கோழி ஒன்று உண்டு. இரண்டு கம்பித் தட்டிகளுக்கு நடுவே கோழிகளை வரிசையாக வைத்து இறுக்கி, தணலின்மேல் புரட்டிப் புரட்டிச் சுடுவார்கள். விறகு கியாவே மரம். நம் கண்மாய்களை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலத்துக்கு அது ஒன்றுவிட்ட உறவு. வீட்டில் செய்கிறவர்கள் அன்னாசிச் சாறு, பழுப்புச் சர்க்கரை, சோயாச் சாறு, இஞ்சி, பூண்டு, காரத்துக்கு மிளகாய் சேர்த்துப் பாகாகக் குறுக்கி, கறி முக்கால் பதம் வெந்த பிறகே பூசுகிறார்கள். அவசரப்பட்டு முன்னதாகப் பூசினால் சர்க்கரை கருகித் தோல் கசந்துபோகும். உள்ளே கறி வெந்திராது.

இதற்கு ‘ஹூலி ஹூலி’ என்று பெயர். ஹூலி என்றால் அந்த மக்களின் பாஷையில் ‘திருப்பு’ என்று அர்த்தம்.

1955இல் எர்னஸ்ட் மோர்காடோ என்ற கோழி வியாபாரி, விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குத் தம் தாயாரின் பக்குவப்படி கோழி சுட்டு விருந்திட்டார். சாப்பிட்டவர்கள் சொக்கிப்போனார்கள். 1958இல் அந்தப் பெயரைத் தம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். பள்ளிக்கூடங்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் நிதி திரட்ட இந்தக் கோழி எவ்வளவோ உதவியிருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் மூலக் கலவை என்னவோ ரகசியமாகவே இருந்தது.

இதில் எது அவருடையது? அன்னாசியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கியாவே 1828இல் வந்த அந்நிய மரம். சோயா ஜப்பானியத் தொழிலாளிகளோடு வந்தது. கோழியையும் அந்தச் சொல்லையும் படகில் கொண்டுவந்தவர்கள் பழைய பாலினேசியர்கள். பக்குவமோ தாயாருடையது. அந்த அம்மாளுக்கும் அது யாரிடமிருந்து வந்ததோ! அடுப்புக்கு முன்னால் நின்ற பெண்கள் யாரும் எந்தப் பதிவு அலுவலகத்துக்கும் போனதில்லை.

எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தவன் உழைப்புக்கு விலை கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, தாராளமாக உண்டு. கோழியை விற்கட்டும், பாகை விற்கட்டும். ஒரு ஜனங்கள் தினமும் வாயில் புழங்கிய ‘திருப்பு’ என்ற சொல்லுக்கு வேலி போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. இப்படி எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆனால் என் கதை ஒன்று உண்டு. கிணற்றடியில் தாலியைத் தொலைத்த ஒரு பெண்ணைப் பற்றியது, பலர் பாராட்டியது. அதை என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கும் இடம், அந்த மௌனம், எல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நான் ஊர்ப் பெயரை மாற்றினேன், மழையைச் சேர்த்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘உரிமை ஆசிரியருக்கே’ என்று அச்சிட்டிருக்கிறது.

சித்திக்கு ஒருமுறை அதை வாசித்துக் காட்டினேன். முடியும்வரை பேசாமல் கேட்டாள்.

“இது எங்கம்மா சொன்ன கதையாச்சேப்பா!” என்றாள்.

“ஆமாம், சித்தி.”

“இதுக்குப் பணம் குடுத்தாங்களா?”

தொகையைச் சொன்னேன். சித்தி சற்று நேரம் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாவம், கடைசி நாளில் வெற்றிலைக்குக்கூட எங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.