அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்: சரி, அவனை அரள வெச்சது யாரு?

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ரிலீஸ் நைட். போனை சைலண்ட்ல போட்டுட்டு உட்கார்ந்துட்டேன். பதினொன்றரைக்கு எடுத்துப் பார்த்தா அம்மாகிட்டேர்ந்து 14 மிஸ்டு கால். ரூம்மேட்டுக்கு வேற 3. திருப்பிக் கூப்பிட்டா குரலே சரியில்ல. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்மா"ன்னு கிண்டலா சொல்லி வெச்சுட்டேன்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். "2009-ல உன் மாமா பைக்ல வந்தப்ப இப்படித்தான்டா. ராத்திரி பூரா உங்கம்மா போன் போட்டுட்டே இருந்தா, ரிங் போச்சு, எடுக்கல. காலைல வேற யாரோ எடுத்தாங்க." நான் அப்ப ஆறாவது. ஸ்கூலுக்கு லீவு போட்டது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் அந்தப் பழமொழி மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. இருள், இருண்ட. அதே மாதிரி அரள், அரண்ட. அரளுறதுன்னா மிரண்டு போறது. "மிரண்டவன் கண்ணுக்கு"ன்னும் சொல்றவங்க உண்டு. பேயைப் பார்த்து அரண்டான்னு பழமொழி சொல்லவே இல்ல. முதல்ல அரண்டுட்டான், அப்புறம்தான் பனைமரம், வைக்கோல் போர் எல்லாம் பேயாத் தெரியுது. 'அரண்ட'ங்கறது இறந்தகாலம். ஏதோ ஒண்ணு ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கு. "சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது"ன்னு சொல்றப்ப பூனை மேல பாவம் பார்க்கிறோம். இவனை மட்டும் ஏன் கோழைன்னு சிரிக்கிறோம்?

கௌடபாதரோட மாண்டூக்ய காரிகைல கயிறு-பாம்பு உவமை வரும். இருட்டுல கயிறு பாம்பாத் தெரியுது. கயிறுன்னு தெரிஞ்சதும் பாம்பு போயிடும். (அவர் அதை வெச்சு சொல்ல வந்தது ரொம்பப் பெரிய விஷயம், அது இன்னொரு நாள்.) அங்க ஒரு விளக்கு போதும். நம்ம பழமொழில போதாது. ஒரு பனைமரத்துக்கு டார்ச் அடிச்சுக் காட்டுனா அடுத்த புதர் பேயாகும். அதனாலதான் 'இருண்டதெல்லாம்'. "இதுல என்னம்மா பயம்?"னு ஒவ்வொரு தடவையும் நான் லாஜிக் பேசினது அந்த டார்ச் வேலைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. "21 பேருக்கு அனுப்பலன்னா கெட்டது நடக்கும்"னு முருகன் படத்தைப் போட்டு வருதே, அதை ஆரம்பிச்சு விடுறவங்களுக்குப் பேயே தேவையில்ல. ஏற்கெனவே அரண்டவங்க யாருன்னு தேடுறாங்க, அவ்ளோதான். அம்மா அதையும் 21 பேருக்கு அனுப்பியிருக்காங்க. யாரையெல்லாம் நினைச்சு அனுப்பியிருப்பாங்கன்னு இப்ப புரியுது.

இப்பல்லாம் ரிலீஸ் அன்னைக்கு முன்னாடியே மெசேஜ் போட்டுடுறேன்: "சைலண்ட்ல போடுறேன்ம்மா, 12 மணிக்குக் கூப்பிடுறேன்." போன வாரம் 12:20 ஆயிடுச்சு. 2 மிஸ்டு கால். கூப்பிட்டேன், முதல் ரிங்லயே எடுத்துட்டாங்க. "சாப்பிட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.