அறிந்தபின் காத்திருத்தல்

அறியாமையால் விளையும் கேட்டினைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகப் பேசியுள்ளனர். ஒரு தீங்கு உள்ளதென்று அறிந்த பின்னரும், கையை அடக்கிக் காத்திருப்பது அறமாகுமா என்னும் வினாவை இக்கால மருத்துவம் நம்முன் வைத்திருக்கிறது. மெதுவாக வளரும் மூளைக் கட்டி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

1971ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இலண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ., எக்ஸ் கதிரின்றியே மேலும் நுட்பமாகக் காட்டிற்று. காட்சி தெளிந்தது, கவலையும் உடன் வளர்ந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொதுமக்கள் 2000 பேரை எம்.ஆர்.ஐ. வழி ஆராய்ந்த முடிவுகள் 2007இல் வெளியாயின. அவர்களுள் 1.6 விழுக்காட்டினரிடம் புற்றல்லாத கட்டிகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா வகையின.

இத்தகைய சிறு கட்டி தொல்லை தராதபோது மருத்துவர் உடனே கத்தியை எடுப்பதில்லை. அறுவையால் பேச்சோ கைகால் வலிமையோ கெடக்கூடும். ஆகவே, சில திங்கள் கழித்து மீண்டும் படம் எடுப்போம் என்கிறார். இது காலங்கடத்துதல் அன்று. அலுவலகத்தில் ஒரு கோப்பினைக் கட்டி மூலையில் போடுவது வேறு. நாள் குறித்து மீண்டும் மேசைக்கு வரச் செய்வது வேறு. முன்னது புறக்கணிப்பு, பின்னது விழிப்பு.

விழிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை 22 ஆனால், கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆயினும் அதன் கன அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் வளர்ச்சி மறைந்துபோகும். முதற்படத்தோடும் ஒப்பிடல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஊர் செல்லும் நமக்குத் தந்தையின் தளர்ச்சி பளிச்செனத் தெரிகிறது, உடனிருப்போர்க்குத் தெரிவதில்லை. மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் குடும்பத்தினர் அந்த முதற்படத்தை நகையினும் மேலாகப் பேணுதல் நன்று.

எனினும், காத்திருத்தல் எல்லாக் கட்டிக்கும் பொருந்துவதன்று. கிளையோமா என்பது மூளையின் திசுவிலேயே ஊடுருவி வளர்வது. அதன் மெதுவாக வளரும் வகை குறித்து, நார்வேயின் இரு மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. ஒன்று, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்துக் காத்திருக்கும் முறையை விரும்பியது. மற்றொன்று, விரைந்து கட்டியை அகற்றும் முறையை விரும்பியது. பின்னதன் நோயாளிகளே நெடிது வாழ்ந்தனர். பொறுமை என்னும் நற்பெயராலும் தீங்கு நேரலாம். வள்ளுவர் காலமறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததன் அருமை இங்கே புலனாகிறது.

இனி, காத்திருப்பவர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. மருத்துவர் படத்தைப் பார்க்கிறார். இரு படங்களுக்கிடையேயுள்ள நாட்களை வாழ்ந்து கழிப்பவரோ நோயாளி. நம் குடும்பங்களில், ‘சொன்னால் தாங்கமாட்டார்’ என்று அவரிடமே மறைத்துவிடுகிறோம். தொலைவிலிருந்து பணம் அனுப்பும் மகனுக்குத் தெரியும். ஊரிலிருக்கும் தாய்க்குத் தெரியாது. இதன் அடியில் இருப்பது அன்பே. அதனை இகழ்தல் தகாது. ஆனால், இந்த அன்பு காவலையே குலைத்துவிடுகிறது. படம் ஆறு திங்களுக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை வரும் சாட்சி. சொல் தடுமாறுவதையும், பார்வை மங்குவதையும், கை ஒருகணம் துடித்து அடங்குவதையும் அன்றே அறியும் சாட்சி நோயாளி ஒருவரே. எதைக் கவனிக்க வேண்டுமென்று அவருக்குச் சொல்லாவிடில், அவற்றை மூப்பின் இயல்பென்று எண்ணி வாளாவிருந்துவிடுவார்.

எவ்வளவு அறிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. ‘விவரம் வேண்டாம், நீங்களே பாருங்கள்’ என்று அவரே கூறினால் அதுவும் ஏற்கத்தக்கது. கேளாமலே நாம் முடிவு செய்வதுதான் பிழை. பிறர் உடலைப் பற்றிய செய்தியை நம் பெட்டியில் பூட்டிவைத்து அதனைப் பரிவு என்று அழைத்தல் முறையன்று. காத்திருத்தல் அறமாவது, காத்திருப்பவர் அறிந்தும் இசைந்தும் காத்திருக்கும்போதே ஆகும்.